வெள்ளிக்கிழமைக் கணவாய்

ஹகோடாதே, யப்பான்
27.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக வந்து இறங்கினோம். தாட்சாயினிக்கு மட்டும் பிளேனில் காது அடைத்து ஒரு நாள் தலையிடி. போனில் பேசினால் உங்களுக்கு ஒன்றும் கேட்காது என்பதால் சொன்னபடி எழுதுகிறேன். இமெயிலில் வருவதை யோகராணி அக்கா வாசித்துக் காட்டுவா. பக்கத்து வீட்டில் அவ இருப்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

இது கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற பட்டினம். கம்பியில் தொங்குகிற பெட்டிக்குள் ஏறி மலையுச்சிக்குப் போனோம். மேலே நின்று பார்த்தால் ஊர் நடுவில் ஒடுங்கி, இரண்டு பக்கமும் தண்ணீர். ஒரு வீதி மலையடியில் தொடங்கி நேரே கடலுக்குள் இறங்குகிறது. அந்தச் சரிவில் நின்றபோது சங்கரி கேட்டாள், "அப்பப்பா வந்திருந்தா இதில நடந்திருப்பாரோ?" "ஓடியிருப்பார்" என்றேன். மத்தியானம் உப்புச் சூப்பில் மிதக்கிற நூடில்ஸ். தெளிந்த சூப். நல்ல ருசி.

எங்களோடு வந்து இருங்கோ என்று நான் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை அப்பா. கெல்லிவிலில் எங்கள் வீட்டுக் கீழறை தயார். குளியலறையில் கைபிடி பூட்டியாயிற்று. இந்த வருசம் இரண்டு தரம் விழுந்துவிட்டீர்கள். மூன்றாம் தரம் விழுந்தால் கண்டு தூக்க அங்கே யார்? அம்மா போன அன்றைக்கு நான் பிந்தி வந்ததை நீங்கள் மன்னிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். மன்னிக்காவிட்டாலும் வாங்கோ. எங்களோடு இருந்துகொண்டு கோபப்படுங்கோ.

அம்மாவின் திவசம் என்றைக்கு வருகிறது? போன வருசம் நவம்பர் பதினொன்று. நாங்கள் நாலாம் திகதியே வந்துவிடுவோம்.

அன்பு மகன்,
சிவபாலன்

மெரிலேண்ட்ஸ்
29.10.2025

தம்பி பாலனுக்கு அப்பா சொல்ல, யோகராணி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. நான் சொல்வதில் ஒரு சொல்லும் மாற்றக்கூடாது என்று யோகராணிக்குச் சொல்லிவிட்டேன். எனக்கு எழுத்துத் தெரியாதுதான். ஆனால் திருப்பி வாசிப்பித்துக் கேட்பேன். எது விடுபட்டது என்று பிடித்துவிடுவேன்.

பிந்தி வந்தேன் என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு பிந்தி என்று எழுதவில்லை. நான் சொல்கிறேன். புதன்கிழமை பகல் ஒரு மணிக்கு உன் அம்மா "தம்பியைக் கூப்பிடுங்கோ" என்றா. அப்போது எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கூப்பிட்டேன். "இப்ப வாறன் அப்பா" என்றாய். நாலரைக்குத் திரும்பக் கூப்பிட்டேன். "வெளிக்கிட்டிட்டன்" என்றாய். பின்னால் பாட்டுச் சத்தம். உன் சிநேகிதன் சஞ்சீவின் புதுவீட்டுக் குடிபூரல். ஏழு மணிக்கும் கூப்பிட்டேன், நீ போனை எடுக்கவில்லை. அவ ஆசுப்பத்திரிக் கட்டிலில் கதவுப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தா. மற்றப் பக்கம் திருப்பிவிட நேர்ஸ் வந்தா, வேண்டாம் என்றா. வியாழன் காலை ஆறேகாலுக்குப் போனா. நீ எட்டு நாற்பதுக்கு வந்தாய். பட்டு வேட்டி. நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

இது இருக்கட்டும். நாள் கணக்கெல்லாம் என் தலையில் இருக்கிறது, நீ அதை யோசிக்காமல் ஊரைப் பார். எனக்கு ஒரு உதவி செய். வெள்ளிக்கிழமை எங்கே போனீர்கள், காலையில் என்ன, மத்தியானம் என்ன, ஒன்றும் விடாமல் எழுது. நாற்பது வருசம் மயிலிட்டிக் கடலில் கிடந்தவன் நான். யப்பான்காரன் மீனை என்ன செய்கிறான் என்று கேட்க ஆசையாக இருக்கிறது. பல்லில்லாதவன் கேட்டாவது சாப்பிடட்டும்.

அந்தக் கடிதம் வந்தபிறகு உன் அறைக்குப் பதில் சொல்கிறேன்.

அப்பா,
இரத்தினசிங்கம்

ஹகோடாதே
31.10.2025, வெள்ளி

என் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தின் மேல் பாதி எனக்கு வேண்டியதுதான். ஒன்றும் மறுத்துச் சொல்ல மாட்டேன். கடைசிப் பகுதியைத் தாட்சாயினிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டு எத்தனை வருசம்!

காலை ஏழு மணிக்கே சந்தைக்குப் போனோம். துறைமுகத்துக்குப் பக்கத்தில். கடைக்குக் கடை நண்டு, கால்களை விரித்தால் என் நெஞ்சளவு வரும். நடுவில் ஒரு பெரிய தொட்டி. அதில் கணவாய்மீன் உயிரோடு நீந்துகிறது. தூண்டிலைக் கையில் தருகிறார்கள். சங்கரி மூன்று தரம் தவறவிட்டாள். நான் முதல் வீச்சிலேயே கொழுவி எடுத்தேன். அது என் சேட்டுக்கு நேரே தண்ணியைப் பீச்சி அடித்தது. கடைக்காரக் கிழவி கைதட்டிச் சிரித்தா. "என்ர அப்பா மீன்காரன்" என்று தமிழிலேயே சொன்னேன், ஏதோ விளங்கினதுபோல் தலையாட்டினா.

அப்பா, ஒரு நிமிசம்கூட இல்லை. கடைப் பொடியன் உயிரோடு வைத்து நூல்நூலாகச் சீவிவிட்டான். கண்ணாடிபோல் இருந்தது. தட்டில் வைத்தபிறகும் கால்கள் நெளிகின்றன. மேலே சோயாத் தண்ணி ஊற்றினதும் துடித்து எழும்பியது. சங்கரி, "டாட், இட்ஸ் ஸ்டில் அலைவ்!" என்று கத்தினாள். நான் ஒரு காலை எடுத்து வாயில் வைத்தேன். நாக்கில் ஒட்டிப் பிடித்தது. பிய்த்து எடுத்துத்தான் மென்றேன். இனிப்பு!

பிறகு சுடுசோற்றின்மேல் மீன்முட்டை, சிவப்புச் சிவப்பாக, கடித்தால் வெடிக்கும். கறுப்பு முள்ளுருண்டை ஒன்று. நீங்கள் வலையிலிருந்து பிடுங்கி எறிவீர்களே, அதேதான். அதை வெட்டி உள்ளே இருக்கிற மஞ்சள் சதையைக் கரண்டியால் தின்கிறார்கள். நானும் தின்றேன். மத்தியானம் பழைய செங்கல் பண்டகசாலைகளுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் நண்டு. காலை உடைத்து உறிஞ்சி உறிஞ்சி, தாட்சாயினி என்னைப் பார்த்துச் சிரித்தா. "மாமாவின்ர மகன்தான், சந்தேகமே இல்லை" என்றா.

இவ்வளவு சந்தோசமாக நான் சாப்பிட்டு வெகுகாலம். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள்
பாலன்

மெரிலேண்ட்ஸ்
2.11.2025

தம்பி பாலனுக்கு,

கடிதம் வந்தது. நன்றாக எழுதியிருக்கிறாய், ஒன்றும் விடவில்லை.

உன் அம்மா போனது ஐப்பசி மாதம் வளர்பிறைத் தசமி. போன வருசம் அது பதினோராம் திகதி வந்தது. இந்த வருசம் முந்தாநாள் வெள்ளிக்கிழமை வந்தது. நீ கேட்டபோதே எனக்குத் தெரியும். நீ டிக்கற் எடுத்தபோதும் தெரியும். மற்ற வருசங்களில் இரண்டு கிழமைக்கு முன்பே நான் சொல்லுவேன், நீ மீன், மச்சம் எல்லாம் நிறுத்துவாய். ஒரு வருசமாவது டிக்கற் எடுக்க முன் நீயாகக் கேட்டறிகிறாயா என்று பார்த்தேன். போன வருசத்துத் திகதியை வைத்துக் கணக்குப் போட்டாய்.

வெள்ளி பகல் டாக்ஸி பிடித்துத் தனியே கோயிலுக்குப் போனேன். எள்ளும் தண்ணியும் நானே இறைத்தேன். ஐயர் கேட்டார்: "மகன் வரேல்லையோ?"

"யப்பானில கணவாய் தின்னப் போயிட்டான் ஐயா" என்றேன். அப்போது உன் கடிதம் வரவில்லை. இருந்தாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

நேற்று முதியோர் சங்கத்தில் உன் கடிதத்தை எல்லோருக்கும் முன்னால் வாசிப்பித்தேன். சேட்டில் தண்ணி பீச்சின இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கால் நாக்கில் ஒட்டின இடத்தில் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்து முடிந்ததும் எழும்பி நின்று, "அண்டைக்குத்தான் தாயின்ர திதி" என்றேன். சஞ்சீவின் தாய் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பிப் போனா. இனி உன் பெயரைச் சொன்னால் அவர்களுக்குக் கணவாய்தான் ஞாபகம் வரும்.

அறைக்குப் பதில்: வரமாட்டேன். மூன்றாம் தரமும் விழுவேன். விழுந்து கிடக்கும்போது உன்னைக் கூப்பிட மாட்டேன்.

இரத்தினசிங்கம்

(தம்பி, சங்கத்தில் வாசித்தது நான். திதி என்று எனக்கும் ஒரு சொல் சொல்லவில்லை. இதை எழுத மாட்டேன் என்றேன், கதிரையை விட்டு எழும்ப விடுகிறார் இல்லை. — யோகராணி)

கெல்லிவில்
16.11.2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஹோட்டலில் வாசித்தேன். குளியலறைக்குப் போய்த் தொண்டைக்குள் விரலை விட்டேன். இரண்டு நாளுக்கு முன் தின்றது வருமா? அரை மணித்தியாலம் முயன்றேன். தாட்சாயினி கதவைத் தட்டிக்கொண்டு நின்றா.

புதன்கிழமை நான் போகாதது என் பிழை. அதற்கு எனக்கு மன்னிப்பு இல்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் இந்த வெள்ளிக்கிழமை உங்களுடைய வேலை. என் கையால் ஒரு சொட்டுத் தண்ணி அம்மாவுக்குக் கிடைக்காமல் பார்த்துக்கொண்டீர்கள். என்னை அடிக்க வேறு தடி அகப்படவில்லையா? அவவைத்தானா எடுத்தீர்கள்?

கீழறையைச் சங்கரிக்குக் கொடுத்துவிட்டோம். கைபிடிகளைக் கழற்றி, சுவரில் துளைகளை அடைத்துவிட்டேன். முதியோர் இல்லத்துப் படிவங்களை யோகராணி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். வாசித்துக் காட்டுவா. கையெழுத்து வேண்டாமாம், பெருவிரல் போதுமாம்.

போனில் பஞ்சாங்கம் இருக்கிறது. அம்மா போன நாளைப் போட்டேன். அடுத்த முப்பது வருசத்துக்கும் திதி வந்துவிட்டது. இனி உங்களைக் கேட்கத் தேவையில்லை.

அதில் இன்னும் ஒரு பெயர் போட இடம் விட்டிருக்கிறேன். நாளையும் நேரத்தையும் யோகராணி அக்கா அறிவித்தால் போதும்.

சிவபாலன்