மாமியின் வாடகை வீட்டில் மருமகன்

11.02.2024, ஞாயிறு

யாரோ கதவைத் தட்டியதும் மாமி என்னைக் குளியலறைக்குள் தள்ளிவிட்டார். கல்யாண மஞ்சள் காயவில்லை, அதற்குள் பெண்டாட்டி பிரஷாந்தியின் வீட்டில் ஒளிந்து நிற்கிறேன். வந்தது வீடமைப்பு அலுவலகத்து ஆள் இல்லை, மீன்காரர். பிரஷாந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாலி கட்டினவன் கள்ளனா?

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான் சீதனம்; கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். ஆனால் மாமி இருப்பது களுவாஞ்சிக்குடியில், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் வாடகைக்குக் கொடுத்த மாடி வீட்டில். பெயர் பதிந்தவர்கள் மட்டும்தான் தங்கலாம். மாமியும் பிரஷாந்தியும் பதிந்திருக்கிறார்கள். என்னைப் பதிந்தால் என் சம்பளமும் கணக்கில் சேரும். கூட்டுத்தொகை எல்லை தாண்டினால் வீட்டை விட வேண்டும். மாமி தையல் மெசினை மிதித்து மிதித்து மகளை ஆளாக்கிய வீடு அது.

13.02.2024, செவ்வாய்

நித்திரை இல்லை. இருந்தால் மனம் எழும்பச் சொல்லுது, எழும்பினால் எங்கே போக?

18.02.2024, ஞாயிறு

பழுகாமம் போனேன். நான் பிறந்த வீடு, இப்போது அக்கா புஸ்பத்தின் சீதனம். விருந்தாளிகளுக்கு வைத்திருக்கும் பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி தந்தார். "எப்ப தம்பி போறாய்?" அன்பாகத்தான் கேட்டார். ஆனாலும் பாதி குடித்துவிட்டு எழும்பிவிட்டேன். வாவிக்கரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வெறுமனே நின்றேன். இந்த ஊர்ப் பக்கம் ஆம்பிளைக்கு என்று ஒரு கூரை உண்டா?

20.02.2024, செவ்வாய்

இனி ஒளிக்க ஏலாது என்று நானே வீடமைப்பு அலுவலகத்துக்குப் போனேன். றிஷாட் என்ற உத்தியோகத்தர், ஏறாவூர்க்காரர். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கொந்தராத்துச் சம்பளம்தானே தம்பி? எல்லைக்குள்ளதான் நிக்கிது. பேரப் பதிங்க. வாடகை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். நிரந்தரமானா மட்டும் வந்து சொல்லணும். மறுகா வீட்ட விடத்தான் வேணும்."

நிரந்தரமா? வருஷக்கணக்காகக் கொந்தராத்து ஒப்பந்தத்தில்தான் பிரதேச சபையின் தண்ணீர்ப் பவுசர் லொறியை ஓட்டுகிறேன். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பெயரைப் பதிந்துவிட்டு வந்தேன். மாமி நண்டு ஆக்கித் தந்தார்.

22.03.2024, வெள்ளி

நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள்.

23.03.2024, சனி

எல்லோரும் கை கொடுத்தார்கள். நான் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி நின்றேன். கடவுளே, இப்பவா தரவேணும்?

பிரஷாந்தியிடம் மட்டும் சொன்னேன். "வேணாமெண்டு எழுதிக் குடுக்கட்டா?"

"விசரா உங்களுக்கு?"

"அப்ப நாம வேற வீடு எடுப்பம்."

அதற்கு அழுதாள். "மகளுக்கு ஒரு வீடு குடுக்க ஏலாதவ எண்டு ஊர் அம்மாவச் சொல்லும். நான் வரமாட்டன்."

வேலையை எடுத்தால் மாமிக்கு வீடு இல்லை. விட்டால் எனக்கு ஆயுசுக்கும் கொந்தராத்து. என்ன செய்யிற?

26.03.2024, செவ்வாய்

மாமி பக்கத்து வீட்டுக்காரி மூலம் அறிந்துவிட்டார். அளவு நாடா கழுத்தில் தொங்க வந்து நின்றார். கல்யாணத்திலிருந்து என்னிடம் ஒரு சொல் உரக்கப் பேசாதவர்.

"உங்கட உத்தியோகத்தத் தின்னுற வீடு எனக்கென்னத்துக்கு மருமகன்? நாளைக்கே போய் வேலைய ஏத்துக்கொள்ளுங்க. ரெண்டு பேரும் வேற வீடு பாருங்க. நான் மட்டும் இருந்தா ஒருத்தரும் என்னை இந்த வீட்ட விட்டு எழுப்பமாட்டாங்க."

"நீங்களும் வாங்க மாமி."

"மருமகன் வாடகை கட்டுற வீட்டுக்கு மாமியாரும் பெட்டியோட வாறதா? நல்லாருக்கு!"

உள்ளே போய் மெசினில் இருந்தார். சத்தம் நிற்கவே இல்லை. எட்டிப் பார்த்தேன். ஊசியின் கீழே துணி இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

07.04.2024, ஞாயிறு

செட்டிபாளையத்தில் ஒரு சிறிய வீடு. அம்மாவே சொன்னதால் பிரஷாந்தி சம்மதித்தாள். வீட்டுச் சொந்தக்காரி இரத்தினம்மா ஒப்பந்தத்தை என் பெயரில் எழுதப் போனார். பிரஷாந்தியின் பெயரில் எழுதச் சொன்னேன்.

"சம்பளம் உங்கட, பேர் அவடயா தம்பி?"

"அவட பேருல இருந்தாத்தானம்மா எனக்கு வீடு மாதிரி இருக்கும்."

பால் காய்ச்ச மாமி வரவில்லை. பிரஷாந்தி நாள் முழுக்க வாசலைப் பார்த்தாள்.

14.04.2024, ஞாயிறு

வருஷப் பிறப்பு. மாமியைப் போய்க் கும்பிட்டோம். கைவிசேஷக் காசு தந்தார். "வீட்டுக்கு வாங்க மாமி" என்றேன். அளவு நாடாவை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார். திரும்பி வந்தும் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. நான்தான் தாயையும் மகளையும் பிரித்தேனா?

21.04.2024, ஞாயிறு

மத்தியானம் வாசல் படலையடியில் மாமி. கையில் ஒரு பை. உள்ளே கால் வைக்கவில்லை.

"வரலாமா?" என்று கேட்டார்.

யாரிடமும் எதையும் கேட்டு நிற்காத மனுசி. படலையை அகலத் திறந்துவிட்டேன்.

"இது உங்கட மகள்ட வீடு மாமி. எழுத்தும் அவட பேருலதான்."

நான் சொன்னது உண்மையா என்று பார்ப்பவர் போல என் முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி, நேரே குசினிக்குள் போனார். அடுத்த நிமிஷம் சத்தம் கேட்டது. "என்னடி இது, அடுப்ப ஜன்னலுக்கு நேர வெச்சிருக்காய்? காத்து அணைச்சுப் போடாதா?" பிரஷாந்தி பதிலுக்குக் கத்தினாள். நான் போய் வாசலில் நின்றேன்.

"நீயென்ன மனே பாத்துக்கொண்டு நிக்கிறாய்? வந்து சிலிண்டரத் தூக்கு."

மருமகன் போய் மகன் ஆகிவிட்டேன். தூக்கினேன். அங்கே வை, இல்லை இங்கே வை என்று மூன்று இடம் மாற்றினார். பிறகு மூவரும் குசினித் தரையிலேயே இருந்து தேத்தண்ணி குடித்தோம். எனக்கு எங்கேயும் எழும்பிப் போகத் தோன்றவில்லை.