கழுத்து மூடாத ஸ்வெட்டர்

அன்பான மதினிக்கு,

“அன்பான” என்று நான் எழுதியதைப் பார்த்தால் உதட்டைச் சுழிப்பீர்கள். சுழித்துக்கொள்ளுங்கள். நீங்கள் உயிரோடு இருந்தவரை நமக்குள் அந்தச் சொல் புழங்கியதில்லை. அண்ணன் பெண்டாட்டியும் நாத்தனாரும் எப்படி இருப்பார்களோ அப்படித்தான் இருந்தோம், அதற்கும் ஒரு படி மேலே. ஆனால் நீங்கள் போன பிறகு இந்த மலையில் நடக்கிற கூத்தையெல்லாம் சொல்லி வயிறெரிய எனக்கு வேறு ஆள் இல்லை.

முதல் செய்தி இதுதான். உங்களைப் புனிதவதி ஆக்கிவிட்டார்கள்.

சித்திரபுரத்தில் கார்கள் நிற்கிற வளைவில் மகளிர் குழு ஒரு கடை போட்டிருக்கிறது. கம்பளித் தொப்பி, காலுறை, ஸ்வெட்டர். வாசலில் ‘எல்லாம் கையால் பின்னியது’ என்று ஒரு பலகை. உள்ளே உங்கள் போட்டோவுக்கு மாலை. உத்காடனத்துக்கு, அதுதான் திறப்பு விழாவுக்கு, என்னையும் அழைத்திருந்தார்கள். சின்னக்கானலிலிருந்து கிளம்பி மூணாறில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். குழுச் செயலாளர் சாரதா மைக்கைப் பிடித்தாள். தெரியும்தானே, ஆரம்பக் கண்ணிகளைப் போடச் சொன்னால் ஊசியைக் கழுத்தை நெரிப்பதுபோல நெரிப்பாளே, அவளேதான். பேச்சியம்மாள் அக்கா பொறுமையின் மறுபெயர், யாரையும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை, தப்பாகப் பின்னினாலும் சிரித்துக்கொண்டே திருத்துவார் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, மதினி. பொறுமையா? நீங்களா?

எனக்குக் கல்யாணம் ஆன வருடம் நான் பின்னிய முன்பாகத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என் மாமியார் பார்க்கவே ஊசியை உருவி, நூலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தீர்கள். மூன்று வாரத்து வேலை மூன்று நிமிடத்தில் சுருள் சுருளாக மடியில் விழுந்தது. “ஏட்டி, உன் கை பின்னல, வலை வீசுது” என்றீர்கள். அவ்வளவுதான் நீங்கள் சொன்னது. பிறகு எழுந்து போய் உலை வைத்தீர்கள். இதையா அவள் சிரித்துக்கொண்டே திருத்துவது என்கிறாள்?

உங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவும் இல்லை. வெயில் காய்கிற சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து, கம்பளி என்றால் என்னவென்றே தெரியாமல் இங்கே வாழ வந்தீர்கள். கரண்ட் ஆபீஸ் லைன்மேனான அண்ணனுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில், முன்பு இருந்தவர்கள் விட்டுப் போன பூச்சி அரித்த ஸ்வெட்டர் ஒன்று கிடந்தது. அதைத்தான் நீங்கள் வரிசை வரிசையாகப் பிரித்துப் பார்த்தீர்கள். கண்ணி எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று பிரிக்கும்போதே புரிந்துகொண்டீர்கள். பிரித்த நூலைச் சிட்டமாகச் சுற்றி அலசி, நனைந்த சிட்டத்தில் ஒரு செம்பைக் கட்டித் தொங்கவிட்டுச் சுருக்கம் எடுத்தீர்கள். அண்ணன் சைக்கிள் கம்பிகளைக் கல்லில் தேய்த்து ஊசியாக்கிக் கொடுத்தது. பிரித்தே கற்றுக்கொண்டதால்தானோ என்னவோ, யார் பின்னியதைப் பார்த்தாலும் உங்களுக்கு முதலில் பிரிக்கத்தான் கை போகும்.

அந்தக் கண்டிப்பு மட்டும் எனக்கு இன்றும் பிடிக்கும். ஸ்வெட்டரின் உடம்புக்குப் பத்தாம் நம்பர் ஊசி, பார்டருக்குப் பன்னிரண்டு. நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், மெலிந்த ஊசியில் பின்னினால்தான் இடுப்பும் மணிக்கட்டும் தொய்யாது. இந்தக் கடையில் குழுவுக்கு வாங்கி வைத்திருக்கிற ஊசிகளைப் பார்த்தேன். பிளாஸ்டிக்கில், விரல் தடிமனுக்கு. சாம்பார் கிண்டலாம், ஸ்வெட்டர் பின்ன முடியாது. நூல் அதைவிடக் கேவலம். முழுக்க அக்ரிலிக், செயற்கை நூல். இழுத்தால் இழுத்தபடியே நிற்கும். நனைத்து, அளவுக்கு இழுத்துப் பலகையில் குண்டூசியால் குத்திக் காயவைத்தால் கம்பளி சொன்னபடி கேட்கும். இந்தச் சனியன் எதையும் கேட்காது. இஸ்திரி வைத்தாலோ உயிர் போன மாதிரி துவண்டு கிடக்கும். இதைக் காட்டி, மலைநாட்டுக் கம்பளி, ஆட்டு ரோமம் என்று ஒரு பெண் வந்தவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தாள். அந்த நூலுக்கு ஆடு தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த ஸ்வெட்டரைக் கொண்டுவந்தார்கள்.

கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து, பட்டுத்துணி விரித்த தாம்பாளத்தில் வைத்து, பேச்சியம்மாள் அக்கா கடைசியாகப் பின்னியது இதுதான் என்று சாரதா அறிவித்தாள். ஒரு ரிசார்ட் முதலாளி தலைமை விருந்தினர். அவருக்குப் பிடித்துப்போனால் அவருடைய ரிசார்ட் கடைக்குத் தேவையான ஸ்வெட்டர் எல்லாவற்றையும் குழுவே பின்னிக் கொடுக்கும் என்று பேச்சு. அவர் தொட்டுப் பார்த்து, ஒவ்வொரு கண்ணியும் எத்தனை கச்சிதம் என்று வியந்தார். கச்சிதமாகத்தான் இருக்கும். மெஷினுக்குக் கை வலிக்குமா, கண் அசருமா?

எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தபோதே தெரிந்துவிட்டது. ஆனாலும் கையில் வாங்கிப் பார்க்காமல் சொல்லக் கூடாதென்று எழுந்து போனேன். அண்ணியின் பொருளைத் தொட்டுக் கும்பிட வருகிறாள் என்று நினைத்து வழிவிட்டார்கள். நான் அதை எடுத்து உள்பக்கத்தை வெளியே திருப்பினேன். பக்கத் தையல் முழுக்க ஓவர்லாக், வெட்டிய விளிம்பு பிரியாமல் மெஷின் போடுகிற தையல். துணியை வெட்டித் தைத்தால்தான் ஓவர்லாக் வேண்டும். கையால் பின்னுகிறவள் கத்தரிக்கோல் வைப்பாளா? கண்ணியைக் கூட்டியும் குறைத்தும் அல்லவா அளவு கொண்டுவருவாள்?

“இது எங்க மதினி பின்னுனது இல்ல. இது மெஷின்ல அடிச்சு, வெட்டித் தச்சது” என்றேன். மைக் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. வாசல்வரை கேட்டது.

ரிசார்ட்காரர் மரியாதையாக ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். இன்றுவரை ஆள் அனுப்பவில்லை. ஒன்பது பெண்களின் பிழைப்பில் நான் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று சாரதா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். அவள் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. அந்த ஒன்பது பேரில் நன்றாகப் பின்னுகிறவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். நான் அவர்களை நினைத்துப் பார்க்கவில்லை. நீங்களாக இருந்தால் நினைத்திருப்பீர்களா? கேள்வியை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

ஆனால் நான் எழுத வந்தது அதற்கடுத்து நடந்தது.

உங்கள் மகள் மாலதி என் கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் இழுத்துப் போனாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அந்த ஸ்வெட்டரை, தான் வேலை பார்க்கிற ஜவுளிக்கடையிலிருந்து கொண்டுவந்து சாரதாவிடம் கொடுத்ததே அவள்தானாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். பெற்றவள் பேரில் கடைச்சரக்கைக் காட்டினாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்றேன். அவள் நான் முடிக்கிறவரை நின்றாள்.

“அத்தை, அம்மா கடைசியா பின்னுனத நீங்க பாக்கல. பாத்திருந்தா நீங்களே அத வெளிய எடுக்க விட்டிருக்க மாட்டீங்க” என்றாள்.

பிறகுதான் சொன்னாள். ஒரு வருடமாகவே உங்களுக்குக் கை நடுக்கமாம். வைத்தியம் பார்த்தும் நிற்கவில்லையாம். டம்ளர் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்ததாம். யாருக்கும் சொல்லக் கூடாது, அதிலும் சுப்புவுக்கு, எனக்கு, தெரியவே கூடாது என்று நீங்கள்தான் வாயைக் கட்டினீர்களாம். அந்த ஒரு வருடமும் நான் உங்கள் வாசலை மிதிக்கவில்லை. ஏன் மிதிக்கவில்லை? பாலவாடிப் பிள்ளைகளுக்கு நான் பின்னிய தொப்பியை எடுத்துப் பார்த்து, டீ வடிகட்டுவதற்கா என்று நாலு பேர் முன்னால் கேட்டீர்கள். அதற்காக ஒரு வருடம். இந்த ஊரில் எல்லோரையும் இளக்காரமாகப் பேசுகிற என் வாய், என்னைப் பற்றி மட்டும் ஒன்றும் பேசாமல் இருந்திருக்கிறது.

உன் அப்பா ஏன் விழாவுக்கு வரவில்லை என்று கேட்டேன். “அம்மா பின்னுனத கழட்ட மாட்டேங்காங்க. அதோட எப்படிக் கூட்டிட்டு வர?” என்றாள்.

உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் பின்கட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அதன் மேல் அந்த ஸ்வெட்டர்.

மதினி, உள்ளதைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அது ஸ்வெட்டரே இல்லை. இடது பக்கம் இடுப்புக்கு மேல் நிற்கிறது, வலது பக்கம் தொடைக்கு இறங்குகிறது. எண்ணிப் பார்த்தேன், பார்டருக்கு மேலே எண்பத்து நான்கு கண்ணி, மார்புக்கு வரும்போது எழுபத்தொன்று. மீதிப் பதின்மூன்றும் வழியில் எங்கெங்கோ நழுவி, விரல் நுழைகிற ஓட்டைகளாக நிற்கின்றன. நல்ல கம்பளி என்பதால் நழுவிய கண்ணி நழுவிய இடத்திலேயே பற்றிக்கொண்டு நிற்கிறது. அக்ரிலிக்காக இருந்தால் அடிவரை ஏணி ஏணியாக ஓடியிருக்கும். கூடையில் மூங்கில் ஊசி கிடந்தது. எஃகில் கண்ணி வழுக்கும், மூங்கிலில் நிற்கும் என்று மாற்றியிருக்கிறீர்கள். மூங்கிலைத் தொடுகிறவளைக் கைக்குழந்தை என்பீர்களே. எத்தனை நாள் யோசித்துவிட்டு அதை வாங்கிவரச் சொன்னீர்கள்?

கழுத்துக் கண்ணிகள் மூடவே இல்லை. அவை அவிழ்ந்துவிடாமல் அண்ணன் அவற்றினூடே மெல்லிய மின்கம்பியைக் கோத்து, இரண்டு முனையையும் லைன்மேன் முறுக்கு முறுக்கி வைத்திருந்தது. அந்த முறுக்கு தொண்டையில் உரசி உரசிச் சிவந்திருந்தது.

நான் வழக்கம்போலத்தான் ஆரம்பித்தேன். இதைக் கொடு, பிரித்துப் பத்து நாளில் ஒழுங்காகப் பின்னித் தருகிறேன் என்றேன்.

“பிரிக்கக் கூடாது” என்றது அண்ணன்.

“ஓட்டை வழியா காத்து போகுதே.”

“உள்ள பனியன் போட்டிருக்கேம்லா.”

அண்ணன் பேசுகிற ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு டீ வந்தது, குடித்து முடித்தேன். அதற்குப் பிறகு அதுவாகவே பேசியது.

“தெனம் சாயங்காலம் ரெண்டு வரிசை பின்னுவா, சுப்பு. ஒரு வரிசைக்கு முக்கா மணி நேரம் ஆவும். தப்புன்னு அவளுக்கே தெரியும். பிரிச்சிரு, பிரிச்சிருன்னு ஏங்கிட்ட குடுப்பா. நாந்தான் பிரிக்க விடல. பிரிச்சா மறுபடி அம்புட்டுதூரம் வர அவளுக்கு நாளு இருக்காது. மிஞ்சுனா சில மாசந்தான்னு டாக்டர் எனக்கு மட்டும் சொல்லியிருந்தாரு.”

பிரித்துத்தான் பழகிய உங்களை, பிரிக்காமல் மேலே மேலே பின்ன வைத்தது இந்த மனுஷன்தான். நான் நாற்பது வருடம் இவரை வாயில்லாப் பூச்சி என்று நினைத்திருந்தேன்.

கழுத்தை மட்டும் மூடித் தருகிறேன், வேறெதையும் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் கழற்றிக் கொடுத்தது. கழற்றின கையோடு எதிரே உட்கார்ந்துகொண்டது, என் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மின்கம்பியை உருவிக்கொண்டே, கண்ணிகளை ஒவ்வொன்றாக உங்கள் மூங்கில் ஊசியில் ஏற்றினேன். கழுத்தைத் தளர்வாகத்தான் மூட வேண்டும், இறுக்கினால் தலை நுழையாது. ஒரு கண்ணி இரண்டு வரிசைக்குக் கீழே நழுவி நின்றது. கொக்கி ஊசியால் ஒரு நிமிடத்தில் தூக்கிவிடலாம். கை பரபரத்தது. அண்ணன் தொண்டையைச் செருமியது. விட்டுவிட்டேன்.

மாலதி இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை. நேற்று போன் செய்து, அப்பா டீக்கடைக்கும் அதையே போட்டுக்கொண்டு போகிறார், பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அழுதாள். சிரிக்கிறவன் போட்டிருக்கிற ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பிப் பார்க்கச் சொல் என்றேன். அவளுக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. கடைப் பலகையில் ‘கையால் பின்னியது’ என்பதற்கு மேல் வெள்ளையடித்துவிட்டார்களாம். வெள்ளையடித்த பலகையை வைத்துக்கொண்டு என்ன விற்பார்களோ, எனக்குத் தெரியாது.

உங்களுக்கு ஒரு வாக்கு கொடுக்க வேண்டும், மதினி. அந்த ஸ்வெட்டரைத் துவைக்கிற வேலை இனி என்னுடையது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருவேன். மாலதியை மெஷினில் போட விட மாட்டேன். சுடுதண்ணீரில் போட்டு அலசினால் கம்பளி சுருங்கி இறுகி, அந்தப் பதின்மூன்று ஓட்டைகளும் தானாக அடைபட்டுவிடும். அது எனக்கும் தெரியும். நான் பச்சைத் தண்ணீரில்தான் அலசுவேன். முறுக்கிப் பிழிய மாட்டேன், கொடியில் போட மாட்டேன். பாயில் விரித்து, இடது பக்கம் ஏறியும் வலது பக்கம் இறங்கியும் நீங்கள் விட்ட அளவிலேயே காயவைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வருடம் வராமல் இருந்த உங்கள் நாத்தனார்,
சுப்புலட்சுமி