உம்மாவின் தொண்டையில் சிக்கியது முள் இல்லை

வவுனியா,
திங்கட்கிழமை பின்னேரம்

அன்பு மகள் பஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்க வேண்டும். உம்மா இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறா. நினைவு தெளிவாக இருக்கிறது, மூச்சும் சீராக இருக்கிறது. அவவின் தொண்டையில் சிக்கியிருப்பது மீன் முள் இல்லை, கம்பித் துண்டு. இன்று காலை ஸ்கான் படத்தைக் காட்டி டொக்டரே எங்களிடம் சொன்னார். போனில் சொன்னால் என் குரல் தடுமாறும், உனக்குப் பாதிதான் விளங்கும் என்று எழுதுகிறேன். உன் தம்பி ஷாமில் இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்புவான்.

வெள்ளிக்கிழமை ஷாமில் முற்றத்தில் கோழியும் பாரை மீனும் சுட்டான். இரும்புப் பீப்பாயைப் பிளந்து செய்த அடுப்பு, நீ வந்தபோது பார்த்ததுதான். மேலே வைக்கும் கம்பித் தட்டில் பழைய கரி ஒட்டிக் கிடந்தது. வாசல் கேற்றில் துரு சுரண்ட வாங்கிய கம்பி பிரஷால் அதைத் தேய்த்து, தண்ணீர் ஊற்றிவிட்டு நெருப்பு மூட்டினான். தட்டு பளபளவென்று இருந்தது, நானே மெச்சினேன். உம்மா இரண்டு வாய் சாப்பிட்டதும் தொண்டையைப் பிடித்தா. எங்கள் வீட்டில் தொண்டையில் குத்தினால் அது முள்தான், அதற்கு மருந்து சோற்று உருண்டைதான். உன் சாச்சி ஸஹீலா அக்காவுக்கென்று வெறும் சோற்றை உருட்டி நீட்டினா. நான் கோழிதானே சாப்பிட்டனான், கோழிக்கு எங்க முள்ளிருக்கு என்று உம்மா கேட்டா. பக்கத்தில கிடந்த மீனிட முள்ளு ஒட்டியிருக்கும், வழக்குப் பேசாம விழுங்குங்கோ ராத்தா என்று சாச்சி சொன்னா, எல்லோரும் சிரித்தோம். உம்மா விழுங்கினா. அதற்கு மேல் நான் ஒரு வாழைப்பழமும் கொடுத்தேன். பிரஷில் இருந்து உதிர்ந்து, இறைச்சியோடு போய்த் தொண்டையின் மேலே நின்ற கம்பியை அந்தச் சோறும் பழமும்தான் கீழே தள்ளி உணவுக்குழாயின் சுவரில் ஏற்றியிருக்க வேண்டும் என்கிறார் டொக்டர். எச்சில்கூட இறங்காமல் காய்ச்சலும் கண்ட பிறகே வாடகை வான் பிடித்து வந்தோம்.

ஷாமில் மதியம் வீட்டுக்குப் போய், பழுதான ஸ்பீக்கரின் காந்தத்தை அந்தத் தட்டின் மேல் இழுத்துப் பார்த்திருக்கிறான். தலைமயிர் அளவில் இன்னும் மூன்று கம்பிகள் ஒட்டிக்கொண்டு வந்தன. வாப்பா, நாங்க எல்லாரும்தானே சாப்பிட்டனாங்கள் என்றான் போனில். அவன் மகள் சின்னவளுக்கும் அதிலிருந்துதான் பிய்த்து ஊட்டினோம்.

நீ போன மாதம் வீடியோவில் காட்டிய, தட்டுத் தேய்க்கும் நீளப்பிடி பிரஷும் கம்பி வைத்ததுதான். அதை இன்றைக்கே குப்பையில் போடு, யாருக்கும் கொடுக்காதே. இரும்புப் பஞ்சும் வேண்டாம், அதுவும் உதிரும். கம்பித் தட்டைச் சூடாக்கி, தட்டையான மரக்கட்டையால் சுரண்டு, தேங்காய்ப் பொச்சுமட்டையால் தேய், அது அங்கே கிடைக்காவிட்டால் பாதி வெங்காயத்தை முள்ளுக்கரண்டியில் குத்தித் தேய்த்தாலும் கரி விடும். கடைசியில் ஈரத்துணியால் துடைத்து, துணியை வெளிச்சத்தில் பார். சுட்ட இறைச்சி சாப்பிட்டுப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் குத்தினால் சோறு கொடுக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.

உம்மாவைக் கதைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் என்னைக் குனியச் சொல்லி, பஸ்னா அவசரப்பட்டு பிளேன் டிக்கெட் போட வேண்டாம் எண்டு எழுதுங்கோ என்றா. எழுதிவிட்டேன், முடிவு உன்னுடையது. அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் ரஹ்மத் செய்யட்டும். போனைப் பக்கத்தில் வைத்திரு, துஆவை விடாதே. நாளைக் காலை வாய்வழியாகக் குழாய் விட்டுக் கம்பியை எடுக்கப் பார்ப்பார்கள், வராவிட்டால் கழுத்தில் வெட்ட வேண்டும். எது என்று லுஹர் தொழுகைக்கு முன் தெரியும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

உன் வாப்பா,
மஸாஹிர்