அந்த ஆடு

பாப்பாவுக்கு,

போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால் எழுதுகிறேன். அங்கே அத்தை வீட்டில் அவள் சொல்வதைக் கேள். மாவுக்கட்டுக் காலைத் தரையில் ஊன்றாதே.

உன் வண்டியைச் சரிசெய்து வாங்கிவிட்டேன். நேற்று வெள்ளிமலையிலிருந்து இன்ஜினை அணைக்காமல், இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். அடிவாரத்து டீக்கடைக்காரர், "இன்னாங்க, இறக்கத்துல போய் பெட்ரோல வீணாக்கிக்கினு வர்றீங்க?" என்று சிரித்தார்.

இங்கே எல்லோரும் நியூட்ரலில் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். உனக்கு வண்டி பழக்கியபோது நானும் அதையே சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் நீ மறந்ததற்குத் திட்டவும் செய்தேன். அத்தனை இறக்கத்தையும் பிரேக் மட்டுமே தாங்காது, சூடேறிப் பிடிக்காமல் போய்விடும் என்பதை மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நீ விழுந்த வளைவில் கொஞ்ச நேரம் நின்றேன். ஆடு மேய அங்கே ஒரு புல்கூட இல்லை, பாப்பா.

குறுக்கே ஓடி வந்ததாக நீ சொன்ன ஆட்டை அம்மா நம்பிவிட்டாள். தினமும் அதற்குச் சாபம்தான். இன்று காலையும், "எம் பொண்ணு கால ஒடச்சது நாசமாப் போவ" என்றாள். சொல்லிக்கொண்டே என் களிக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

உன் அப்பா