காபிமேல் போட்ட பழி

மார்ச் 4, செவ்வாய்

காலைக் காபி. கோப்பையைத் தூக்கும்போது அது தட்டில் டகடகவென்று அடித்துக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பேப்பரைத் தேடுவதுபோல் கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோய்விட்டேன். வலது கை. கண்ணுக்குத் தெரியாத மணி ஒன்றை உருட்டுவதுபோல் கட்டைவிரல் தானாக ஆடுகிறது.

வெறும் வயிற்றில் இரண்டு கோப்பை குடிக்கிறவனுக்குக் கை நடுங்காமல் என்ன செய்யும்? காபிதான். வேறென்ன இருக்கப்போகிறது?

சவரக்கத்தி பிடிக்கிற கை.

மார்ச் 6, வியாழன்

காபியை விட்டுவிட்டேன். வயிற்றெரிச்சல் என்று அவளிடம் சொல்லி வைத்தேன். "நீங்க குடிக்கலைன்னா எனக்கு மட்டும் எதுக்கு?" என்று அவளும் தன் கோப்பையைக் கவிழ்த்தாள். ஆளுக்கொரு டம்ளர் வெந்நீர். பேச்சே எழவில்லை. காபி இருந்தால் அவள் சலவைக்கடைக்கும் நான் சலூனுக்கும் கிளம்புமுன் ஊர்வம்பு கொஞ்சம் ஓடும்.

மண்டை பிளக்கிறது. கடையில் பக்கத்து நாற்காலியில் வேலை பார்ப்பவன் மச்சினன், அவள் தம்பி. சீப்பை எங்கே வைத்தாய் என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். சீப்பு என் பையில்தான் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

இன்று நடுங்கவே இல்லை. காபியேதான்.

மார்ச் 10, திங்கள்

எழுதவே பயமாக இருக்கிறது.

எதிர்க்கடைத் தையல்காரர் சவரத்துக்கு வந்தார். நுரை தடவி, தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைத் தொண்டைக்குழிக்குமேல் வைத்தேன். கட்டைவிரல் ஆடத் தொடங்கியது. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அப்படியும் ஒரு கீறல். நுரையில் சிவப்பு.

"சின்னக் கீறல்தானே, விடுங்க" என்றார் அவர். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. இன்னும் ஒரு நூல் உள்ளே இறங்கியிருந்தால்? கத்தியை மச்சினனிடம் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய், காயப்போட்ட துண்டுகளுக்கு நடுவே ஒளிந்து நின்றேன்.

காபியை விட்டு நாலு நாளாகிறது. அப்படியானால் —

மார்ச் 12, புதன்

அப்படியானால் என்ன? சொல்லித் தொலையேன்டா.

மார்ச் 17, திங்கள்

அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சின்ன வயசுப் பெண். நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், கையை மடியில் போட்டுச் சும்மா இருக்கச் சொன்னார். சும்மா இருக்கும்போதுதான் அது ஆடித் தீர்த்தது. நான் முந்திக்கொண்டு காபிக் கதையைச் சொன்னேன். ஆமாம் என்று தலையாட்டிவிடட்டும், கடவுளே, என்று வேண்டிக்கொண்டே சொன்னேன்.

"காபி பாவம், அது ஒண்ணும் பண்ணல. காலையில தாராளமா குடிங்க, நல்லதுதான்" என்றார்.

காபி நல்லது என்று கேட்டு யாருக்காவது வேர்த்துக் கொட்டியிருக்குமா? எனக்குக் கொட்டியது. பிறகு ஒரு நோயின் பெயரைச் சொன்னார். நரம்புக் கோளாறாம். மெதுவாகத்தான் வளருமாம், மாத்திரை இருக்கிறதாம். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

மார்ச் 19, புதன்

கடைக்குப் போகவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

அவள் மறுபடி காபி போட்டாள். என் கோப்பையில் பாதிதான் ஊற்றியிருந்தாள். அடியில் தட்டு வைக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

மச்சினனிடமிருந்து கைபேசியில் ஒரு செய்தி: காலையில் காபி குடிப்பதன் பத்து நன்மைகள். சுறுசுறுப்பாம், ஞாபகசக்தியாம். காபியை விட்டதால்தான் நான் சிடுசிடுக்கிறேன் என்று நினைத்திருக்கிறான் பாவி, அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அவளுக்குப் படித்துக் காட்டினேன். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு வாய் திறந்துவிட்டது.

"யாரையாவது அறுத்துடுவேனோன்னு பயமா இருக்குடி."

"தெரியும். ரெண்டு மாசமா உங்க கையைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பயத்தை நீங்களா சொல்லட்டும்னு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன்."

ஆக, அவளும் பயந்திருக்கிறாள். ஒரே மேஜையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பயந்திருக்கிறோம். வெந்நீர் குடித்த நாட்களில் இதைச் சொல்லியிருப்பேனா? மாட்டேன். பத்து நன்மை எழுதியவனுக்கு இது தெரியாமல் போயிற்று.

ஏப்ரல் 12, சனி

மச்சினனிடம் சொல்லிவிட்டேன். கத்தி பிடிக்க முடியாதவனுக்கு எதற்கு நாற்காலி என்று கேட்டுவிடுவானோ என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். அவன் வெட்டிய முடியைப் பெருக்கிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"சவரமெல்லாம் இனிமே நான் பாத்துக்கறேன், மாமா. நீங்க மெஷின் கட்டிங் பாருங்க."

அப்புறம் வெகுநேரம் ஒரே இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தான்.

மே 9, வெள்ளி

மாத்திரைக்குக் கை கொஞ்சம் கேட்கிறது. ஆனாலும் காலையில் முதலில் பயம் எழுந்திருக்கிறது, பிறகுதான் நான்.

ஜூன் 3, செவ்வாய்

முகத்தில் தாடி மண்டிவிட்டது. கடைக்கு விடுமுறை. இருந்தாலும் மச்சினனைத் திறக்கச் சொன்னேன். இத்தனை வருஷம் பின்னால் நின்ற நாற்காலியில் இன்றுதான் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"உங்களுக்குப் பண்றதுன்னா கை உதறுது, மாமா" என்றான்.

"உதறட்டும். மெதுவா பண்ணு."

கழுத்தை நிமிர்த்திக் கொடுத்தேன். நுரை சில்லென்று இருந்தது. கத்தி தொண்டையைத் தாண்டும்வரையாவது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

தோளைத் தட்டி அவன்தான் எழுப்பினான்.