தயாருக்கும் நிறுத்துக்கும் நடுவில்

மார்ச் 3

அன்புள்ள வாலு,

நலம். நீ வேளைக்குச் சாப்பிடுவதாக எழுதியிருந்ததை நான் நம்பவில்லை. செவ்வாயில் நீங்கள் பறக்கவிடப்போகும் குட்டி ஹெலிகாப்டரையும் இன்னும் முழுதாக நம்பவில்லை. இங்கிருப்பதில் நூற்றில் ஒரு பங்கு காற்றுதான் அங்கே என்கிறாய். இறக்கை எதைப் பிடித்துக்கொண்டு மேலே போகும்? வேகமாகச் சுற்றினால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிடாதே.

எதிர்வீட்டு டாக்டர் உன்னை 'பைலட்டம்மா' என்கிறார். நான் திருத்தவில்லை.

அம்மா

மார்ச் 14

அன்புள்ள அம்மா,

பைலட் யாரும் கிடையாது. எங்கள் கட்டளை போய்ச் சேரவே நேரமாகும். பிறகு அது தன் பாட்டில் பறக்க வேண்டியதுதான். விழுந்தால் தூக்கி நிறுத்த ஆளில்லை.

நேற்று கட்டளை அனுப்புமுன் தலைவர் ஒவ்வொருவராகக் கேட்டார். "தயார்", "நிறுத்து" இரண்டில் ஒன்றுதான் சொல்ல வேண்டும். இறக்கையின் அதிர்வு என் பொறுப்பு. என் முறை வந்ததும் "தெரியல" என்றுவிட்டேன். அறையே திரும்பிப் பார்த்தது.

"அப்படி ஒரு பதிலே கிடையாதும்மா. பறக்கலாமா, வேணாமா?"

"நிறுத்துங்க" என்றேன்.

"மெஷின் ரெடி, மேடம்தான் ரெடி இல்ல" என்று யாரோ முனகினார்கள். காரணம் காட்ட ஒரு வாரம் கொடுத்திருக்கிறார்கள். இல்லையென்றால் என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து "தயார்" சொல்வார். நான் அவசரப்பட்டுவிட்டேனா, அம்மா?

வாலு

மார்ச் 15

வாலு,

அதைப் பிறகு பார்க்கலாம். உனக்கு எது தெரியவில்லை? அதை மட்டும் எழுது.

அம்மா

மார்ச் 16

அம்மா,

அங்கே தரையில் நிற்கவைத்தே இறக்கையை இரண்டு முறை சுற்றிப் பார்த்தோம். இரண்டு முறையும் அதிர்வின் அளவு புள்ளிக்குப் பின்னால் கடைசி இலக்கம் வரை ஒன்றே. "என்ன கச்சிதம்!" என்றார்கள். அது எப்படி என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதும்போதே நீ நடத்தும் கல்லூரி லேப் நினைவுக்கு வருகிறது. இரண்டு பேர் விடை அச்சாக ஒத்துப்போனால் நீ கேட்பாயே, "யார் யாரைப் பாத்து எழுதினீங்க?" என்று! இரு, போய்ப் பார்க்கிறேன்.

வாலு

மார்ச் 24

அம்மா, காப்பியேதான்!

இரண்டாம் முறை சென்சார் வேலையே செய்யவில்லை. கணினி பழைய எண்களையே எடுத்து அனுப்பியிருக்கிறது. அன்று பறந்திருந்தால், அதிர்வை உணர்ந்து தன்னைச் சமாளித்துக்கொள்ள அதற்கு வழியே இருந்திருக்காது. திருத்தினோம். இன்று என் முறையில் "தயார்" என்றேன். எழும்பியது, நின்றது, இறங்கியது! படம் அனுப்பியிருக்கிறேன்.

"தெரியல" என்றும் இனிச் சொல்லலாமாம்.

வாலு

மார்ச் 25

அன்பு மகளே,

படம் பார்த்தேன். அதன் காலும் தரையில் விழுந்த நிழலும் ஒன்றையொன்று தொடவில்லை. ஆகவே நம்புகிறேன்.

இன்று வகுப்பில் நேற்று நடத்திய பாடத்தையே மறுபடி நடத்தத் தொடங்கிவிட்டேன். "என்ன மேடம், உடம்பு சரியில்லையா?" என்று மாணவிகள் கேட்டார்கள்.

"எல்லாரும் கிளம்பலாம்னு சொன்னப்போ, என் பொண்ணு ஒருத்திதான் நிறுத்தச் சொன்னா" என்றேன்.

அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அது பறந்ததைச் சொல்லவே மறந்துபோனேன்.

அம்மா