எஸ் மாடல்தானா

செப். 5, வியாழன்
காலையிலிருந்து புழுதிக் காற்று. காயப்போட்ட சேலைகளை மறுபடி அலச வேண்டியதாயிற்று.
மெக்கானிக் செல்வத்தோடு புதூர் போனேன். ரெங்கசாமி அண்ணாச்சி வீட்டுப் பருத்திக் கொட்டகை. தார்ப்பாயை விலக்கியதும் சிவப்பு. இரண்டே கதவு, இரண்டே சீட்டு. கணக்கு டீச்சராக இருந்த காலமெல்லாம் ஆசைப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார். முகத்தில் காட்டவில்லை.
விற்கக் காரணம்: வண்டி தாழ்வு, ஊர் ரோட்டில் அடி தட்டுகிறது. நியாயம்.
"சாதா மாடல் இல்ல டீச்சர், எஸ் மாடல். எஞ்சினே வேற, வேகமும் வெலயும் கூட. சென்னையில வித்தவிய அப்படித்தான் சொன்னாவ."
செல்வம் பின்பக்க 'எஸ்' எழுத்தை நகத்தால் நெம்பினான். கையோடு வந்துவிட்டது. ஸ்டிக்கர்.
"ஒங்கள நல்லா ஏமாத்திட்டாவ அண்ணாச்சி."
வேலிக்கு அந்தப்பக்கம் நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி துண்டால் முகம் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு மெல்ல, "சாதா மாடல் விலைக்கே எடுத்துக்கிடுங்க."
யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

செப். 6, வெள்ளி
கரன்ட் பில். கண் சொட்டு மருந்து. பால்காரரிடம் நாளைக்கு வேண்டாம் என்று சொல்ல.
ஸ்டிக்கர் பொய் என்றால் வண்டியும் பொய்யா? பரீட்சையில் இப்படி எழுதினால் சுழித்திருப்பேன்.
மதுரை சர்வீஸ் சென்டருக்கு போன். அந்தப் பெண் பொறுமைசாலி. எஞ்சின் எண்ணில் மூன்றாவது எழுத்து சாதாவுக்கு A, எஸ்ஸுக்கு D. நேற்று அண்ணாச்சி வீட்டில் எடுத்துவந்த ஆர்.சி. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். D!
ஆனால் எஞ்சினையே மாற்றியிருந்தால்? நேரில் பார்க்க வேண்டும்.

செப். 7, சனி
தனியாக, பஸ்ஸில். கைப்பையில் டார்ச், பழைய துணி, முகம் பார்க்கும் கண்ணாடி.
"இன்னும் எதுக்கு டீச்சர் நோண்டுதீங்க? மானம் போனது போதும்" என்றார் அண்ணாச்சி. ஆனாலும் டீசல் கொண்டுவந்து கொடுத்தார்.
எண் எஞ்சினின் பின்புறம். தலை நுழையாது. டீசல் துணியால் தேய்த்து, கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தேன். வயிறு இடப்பக்கம் தள்ளிய D. A என்றால் கண்ணாடியிலும் A-தான். சந்தேகமே இல்லை. மற்ற எண்களை நான் படிக்க, அண்ணாச்சி ஆர்.சி.யில் விரல் வைத்துச் சரிபார்த்தார். சீட்டுக்கு அடியில் சேசிஸ் நம்பரும் சரி. போட்டோ எடுத்து மதுரைக்கு அனுப்பினேன்.
நாலு மணிக்குப் பதில். தயாரிப்பிலேயே எஸ் மாடல். பின்மூடி ஒருமுறை இடிபட்டு மாற்றியது. அசல் எழுத்து அதோடு போயிருக்கும்.
போன் என் கையில். சாதா விலை அவர் வாயாலேயே சொன்னது. போனைக் கைப்பைக்குள் போடப் போனேன். உண்மை, எழுதிவைக்கிறேன்.
"அண்ணாச்சி, இது எஸ்தான்."
இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். வேலியோரம் ஓடினார்.
"ஏலே, இங்கன வாங்கலே! டீச்சர் சொல்லுதாவ, கேளுங்க!"
முழு விலை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இரண்டுக்கும் நடுவில் முடித்தோம்.

செப். 9, திங்கள்
பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்தாயிற்று. செல்வம் எஞ்சினை எட்டிப் பார்த்தான். "கண்ணாடி வச்சுப் பாக்கணும்னு எனக்குத் தோணலையே டீச்சர்."
சாயங்காலம் முதல் ஓட்டம். நாலுவழிச் சாலையில் மூன்றாவது கியர். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கத்திவிட்டேன். என்ன கத்தினேன், தெரியாது.
கயத்தாறு வரை என்றுதான் கிளம்பினேன். பார்த்தால் திருநெல்வேலி.